மீசை வைத்த அக்கா

தையல் இயந்திர விற்பனையாளர் சங்கத்தின் ஆண்டு மலரில், 'துறையின் முன்னோடிப் பெண்கள்' என்ற பக்கத்தில், இப்படி ஒரு குறிப்பு இருக்கிறது: "கனிவான குரலால் எத்தனையோ இல்லத்தரசிகளைத் தொழில்முனைவோராக்கிய சகோதரி. இரண்டு பிள்ளைகளின் தாய். எளிமையை விரும்புபவர் என்பதால் புகைப்படம் தர மறுத்துவிட்டார்."

இதில் இரண்டு பிள்ளைகள் என்பது சரி. புகைப்படம் தர மறுத்ததும் சரிதான். ஆனால் காரணம் எளிமை இல்லை, மீசை.

அந்தச் சகோதரி உண்மையில் ஒரு மெக்கானிக். கதவை அடைத்துக்கொண்டு நிற்கும் உடம்பு, எந்த சோப்புக்கும் போகாத எண்ணெய்க் கறை ஏறிய கட்டைவிரல்கள். பல வருடம் வீடு வீடாகப் போய்த் தையல் மெஷின் பழுது பார்த்தார். குனிந்து குனிந்து முதுகு மக்கர் செய்யவே, முதலாளி அவரைக் கம்பெனியின் புகார்த் தொலைபேசிக்கு மாற்றினார். குரல் விநியோகத்தில் ஏதோ பிசகு நடந்திருக்க வேண்டும். வேறு யாருக்கோ எடுத்துவைத்திருந்த மென்மையான, சற்றே உச்சத்தில் நிற்கும் குரல் அவருக்கு வந்து சேர்ந்திருந்தது. முதல் நாள் முதல் அழைப்பிலேயே எதிர்முனை, "அக்கா, ஊசி உடைஞ்சுக்கிட்டே இருக்குக்கா" என்றது. வரிசையில் வேறு பலர் காத்திருந்தார்கள். திருத்திக்கொண்டிருக்க நேரமில்லை. "சொல்லும்மா" என்றார். அன்றிலிருந்து அக்கா ஆனார். தான் பெண் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. இல்லை என்றும் சொன்னதில்லை.

அவர் வேலை செய்யும் விதம் விசித்திரமானது. கேள்வி அதிகம் கேட்கமாட்டார். "போனை மெஷின் பக்கத்துல வச்சு ஓட்டும்மா" என்பார். கண்ணை மூடிக்கொள்வார். எதிர்முனையில் மெஷின் கடகடவென்று ஓடும். பிறகு, "பாபினை வெளிய எடு, கீழ பஞ்சு அடைச்சிருக்கு பாரு" என்பார். பெரும்பாலும் அடைத்திருக்கும். அடைத்திருக்காத நாட்களில், "அப்ப ஊசிய மாத்திப் பாரு" என்பார். மருத்துவர்கள் செய்யாததையா செய்துவிட்டார்?

இந்த உரையாடல்களை, அழைத்தவர்களின் அனுமதியோடு பதிவுசெய்து பாட்காஸ்ட்டாக வெளியிடலாம் என்பது முதலாளியின் மகளின் யோசனை. அவளைக் கம்பெனியில் எல்லோரும் 'சின்ன முதலாளி' என்பார்கள். கெட்டிக்காரி, வேகமானவள், எதையும் இரண்டாம் தடவை கேட்கமாட்டாள், முதல் தடவையும் பாதிதான் கேட்பாள். 'அக்காவிடம் கேளுங்கள்' எதிர்பார்க்காத அளவுக்கு ஓடியது. பெண்கள் தைத்துக்கொண்டே கேட்டார்கள். உதிரி பாகங்கள் விற்றன. எல்லாம் நன்றாகவே போய்க்கொண்டிருந்தது, போட்டிக் கம்பெனி வீடியோவில் இறங்கும்வரை.

அவர்கள் வீடியோவில் ஒரு இளைஞன் மெஷினைப் பிரித்துப் பிரித்துக் காட்டினான். கடைக்காரர்கள் அதை டிவியில் ஓடவிட்டு, மெஷினையும் அங்கேயே விற்றார்கள். குரலை எந்தக் கண்ணாடி அலமாரியில் வைத்து விற்பது?

உதிரி பாகக் கிடங்கின் மூலையைச் சின்ன முதலாளி ஸ்டூடியோவாக மாற்றினாள். விளக்குகள் வந்தன. மெக்கானிக்கை உட்காரவைத்து ஒத்திகை பார்த்தாள்.

"மாமா, கண்ணைத் திறங்க. தூங்குற மாதிரி இருக்கு."

"கண்ணத் தொறந்தா காது கேக்காதும்மா எனக்கு."

"வீடியோல காதை யாரு பாக்கப் போறா?" என்றவள், அதற்குப் பிறகுதான் திரையில் அவர் முகத்தைச் சரியாகப் பார்த்தாள். "ஐயோ, மாமா. கேக்குறவங்க நெனக்கிற அக்கா நீங்க இல்லையே!"

"அதத்தான் போன மாசத்துலேர்ந்து சொல்லிக்கிட்டிருக்கேன்."

அவள் அசரவில்லை. ஐந்தே நிமிடத்தில் வழி கண்டுபிடித்தாள். டிவியில் நடித்த ஒரு அம்மாளைக் கேமரா முன் உட்காரவைப்பது, குரலை இவர் பின்னாலிருந்து கொடுப்பது.

மெக்கானிக் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

"வேணாம்மா. இதுவரைக்கும் அவங்களா நெனச்சுக்கிட்டாங்க. இனிமே நாம நெனக்கவச்ச மாதிரி ஆயிடும்."

"அப்ப நீங்களே உக்காருங்க. தெரிஞ்சா தெரியட்டும். நெட்ல இதெல்லாம் இப்ப ரொம்ப நல்லாப் போகும்."

"ஒரு வாரம் டைம் குடு."

மீசையை எடுக்கத்தான் அவகாசம் கேட்கிறார் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

வீட்டில் அவர் மனைவியும் அதையேதான் சொன்னார். மருந்துக் கடையில் வேலை பார்க்கும் அந்த அம்மாளுக்குக் கணவரின் ரசிகைகள் விஷயத்தில் பொறாமை கிடையாது, கிண்டல் மட்டும் உண்டு.

"மீசைய எடுத்துட்டு என் புடவைய ஒண்ணு கட்டிக்கங்க. ஆனா ஜாக்கெட் உங்க சைஸுக்கு யாரு தைப்பா? உங்க ஆளுங்களே தச்சாத்தான் உண்டு."

"விளையாடாத. பயமா இருக்கு எனக்கு."

"எதுக்குப் பயம்? திட்டுவாங்க, அவ்வளவுதானே?"

"திட்டினா வாங்கிக்கலாம். அவங்க வெக்கப்பட்டுட்டாங்கன்னா?"



வெட்கப்பட நிறைய இருந்தது. மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது பெண்கள் சும்மா இருப்பதில்லை. மாமியார், வயிற்றுவலி, குடிக்கும் தம்பி, பெடலை மிதிக்க முடியாத அந்த மூன்று நாள், எல்லாவற்றையும் அக்காவிடம் சொன்னார்கள். பள்ளிச் சீருடை தைக்கும் ஒருத்தி இருந்தாள். கம்பெனியில் அவளுக்குச் 'சீருடைக்காரி' என்று பெயர். கரு கலைந்த வாரம் அவள் மெஷினில் ஒரு கோளாறும் இல்லை. ஆனாலும் போன் செய்தாள். ரொம்ப நேரம் மெஷினை ஓட்டினாள். அவரும் ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். அந்தப் பதிவை அவர் யாரிடமும் கொடுக்கவில்லை. தானே அழித்தார்.

அந்த ஒரு வாரத்தில் ஒருநாள் அவளை அழைத்தார்.

"அதிசயமா இருக்கு! நீயா போன் பண்றியே, என்னக்கா?" பின்னால் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"ஒரு விஷயம் சொல்லணும்மா. நான் அக்கா இல்ல."

"பின்ன அத்தையா? அவ்வளவு வயசா ஆயிடுச்சு உனக்கு?"

"இல்லம்மா. நான் ஆம்பள."

மெஷின் ஓடுவது நின்றது.

"சும்மா சொல்லாதக்கா."

"நெசமா. மீசையெல்லாம் இருக்கு."

"மீசை எனக்கும்தான் லேசா இருக்கு." சிரிக்கத் தொடங்கியவள் பாதியில் நிறுத்திக்கொண்டாள். ஓடாத மெஷினிலிருந்து எதையும் கண்டுபிடிக்க அவருக்குத் தெரியாது.

"நான் என்னென்னவோ சொல்லியிருக்கேனே," என்றாள்.

"ஆமாம்மா. அதனாலதான் நீ வேற எங்கயும் பாத்துத் தெரிஞ்சுக்கக் கூடாதுன்னு நெனச்சேன்."

"யார்கிட்டயாவது சொன்னீங்களா?" நீ, நீங்க ஆகிவிட்டது.

"என் பொண்டாட்டிகிட்டகூட சொல்லல."

அவள் போனை வைத்துவிட்டாள்.

வீடியோ வெளியானது. சின்ன முதலாளி எதிர்பார்த்த பரபரப்பு எதுவும் நடக்கவில்லை. திட்டிச் சிலர் எழுதினார்கள், ஆனால் அவர்கள் ஒருநாளும் போன் செய்தவர்கள் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு மெஷினைக் கேட்கும் மீசைக்காரரைக் கடைக்காரர்கள் டிவியில் போட்டார்கள். மெஷின்கள் விற்றன. அந்த விஷயத்தில் அவள் கணக்கு தப்பவில்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். வழக்கமாக அழைப்பவர்களில் சிலர் திரும்ப வரவே இல்லை. வந்தவர்களில் பாதிப் பேர் 'அண்ணா' என்றார்கள், மீதிப் பேர் பழக்கதோஷத்தில் அக்கா என்றே சொல்லி நாக்கைக் கடித்துக்கொண்டார்கள்.

சீருடைக்காரியின் அழைப்பு பள்ளிகள் திறக்கும் சமயத்தில்தான் வந்தது.

"தையல் தவ்வுது," என்றாள் எடுத்த எடுப்பில். "உங்கள என்னன்னு கூப்பிடுறதுன்னு தெரியல. அதான் இத்தனை நாள் பண்ணல."

"உனக்குத் தோணுனத கூப்பிடும்மா."

"ஒண்ணும் தோணல. மெஷினைக் கேளுங்க."

கேட்டார். ஊசி வளைந்திருந்தது. மாற்றினாள். ஓட்டிப் பார்த்தாள். வைக்காமல் இன்னும் கொஞ்ச நேரம் ஓட்டினாள். பிறகு, "என் மாமியார் வந்திருக்காங்க," என்று ஆரம்பித்தாள்.

சின்ன முதலாளி இப்போது தொழில் மாநாடுகளில் பேசுகிறாள். வீடியோ பாட்காஸ்ட் வாடிக்கையாளரின் நம்பிக்கையை எப்படி வளர்க்கிறது என்று படங்களோடு விளக்குகிறாள். முகம் தெரிந்தால் நம்பிக்கை வரும், நல்ல வெளிச்சம் இருந்தால் முகம் தெரியும் என்பது அவள் கட்சி. தன் ஊழியர் ஒருவர் இத்தனை வருட அடையாளத்தை ஒரே வீடியோவில் மாற்றிக்கொண்டும் ஒரு வாடிக்கையாளர்கூடச் சண்டைக்கு வரவில்லையே என்று வியக்கிறாள். கைதட்டுகிறார்கள். விளக்கு எந்தக் கடையில் வாங்கியது என்றுகூடக் கேட்கிறார்கள்.

வீடியோ வெளியாவதற்கு முந்தின வாரம், சாப்பாட்டு இடைவேளைகளில், தன்னை வழக்கமாக அழைக்கும் ஒவ்வொரு பெண்ணுக்கும் மெக்கானிக் தானே போன் போட்டு, தான் ஆண் என்று சொன்னார்.