துரை வீட்டுக் கணப்பும் கருவாட்டுக் குழம்பும்

போன வாரம் நண்பர் ஒருவர் தன் புது ஃபிளாட்டைச் சுற்றிக் காட்டினார். சமையலறைச் சுவரில் ஓர் எக்ஸாஸ்ட் ஃபேன். “பொட்டு வாசனை கூடத்துக்கு வராது சார்” என்றார். எனக்கோ திண்டுக்கல் பாதிரி பங்களாவின் கருவாட்டு வாசனை சட்டென்று மூக்கில் ஏறியது.

ஐம்பதுகளின் கடைசியில் ஒரு கான்ட்ராக்டரிடம் பிளான் வரையச் சேர்ந்திருந்தேன். சேர்ந்து மூன்று மாதம். கட்டடக் கலையில் எனக்குத் தெரியாதது எதுவும் மிச்சமில்லை. பழுது பார்ப்பதற்காக அந்தப் பங்களாவை அளந்துவர அனுப்பினார்கள். கட்டிய ஆங்கிலப் பாதிரியார் தன் ஊர் வீட்டை ஒரு கோடு மாற்றாமல் இங்கே இறக்கியிருந்தார். பனி சறுக்கி விழச் செங்குத்தான கூரை. மாலை வெயில் நேரே வந்து மடியில் உட்கார, மேற்கே பெரிய கண்ணாடி ஜன்னல். சித்திரையில் பல்லிக்கே வேர்க்கும் ஊரில், கூடத்துச் சுவரில் குளிர்காயக் கணப்பு, அதற்கொரு புகைபோக்கி. சமையலறை மட்டும் ஐம்பதடி தள்ளி, தோட்டத்தில்.

அப்போது அங்கே குடியிருந்தவர் நம்மூர்ப் போதகர். அவர் மனைவி ஒரு மழைநாளில் ரசச் சட்டியோடு தோட்டத்தில் வழுக்கி விழுந்தார். மறுநாளே சமையலைக் கணப்புக்குள் மாற்றிவிட்டார். நானோ பிளானில் ‘கணப்பு பயனற்றது, செங்கல் வைத்து அடைக்கவும்’ என்று எழுதி, அவரிடமே பெருமையாகக் காட்டினேன்.

“ஏந்தம்பி, இம்புட்டுப் படிச்சது எங்க அடுப்ப அடைக்கவா?”

“இது அடுப்பு இல்லீங்கம்மா, குளிர்காயறதுக்கு.”

“அப்பச் சரி. செத்த நேரம் உள்ள உக்காந்து காஞ்சிட்டு வாங்க.”

மறுநாள் மிஷன் சார்பில் பார்வையிட வந்தவர், கட்டியவருக்குப் பின் அதே வீட்டில் இருபது வருஷம் வாழ்ந்த கிழ ஆங்கிலப் பாதிரியார். அவர் தலையசைத்தால் கணப்புக்குச் செங்கல். அம்மாவுக்கு மறுபடி ஐம்பதடி நடை.

“இன்னைக்கு ஒருநாள் அணைச்சிரேன்” என்று போதகர் கெஞ்சினார்.

“வர்றவருக்கும் சோறு வேகணும்ல?”

கிழவர் கணப்பின் முன் நின்றார். கருவாட்டுக் குழம்பு கொதித்தது. போதகருக்கு வேர்த்தது. நான் பிளானைச் சுருட்டினேன்.

“இருபது வருஷம் இருந்தேன் அம்மா. இதில் நெருப்பை இன்றுதான் பார்க்கிறேன்” என்றவர், குனிந்து புகைபோக்கிக்குள் எட்டிப் பார்த்தார். “புகை நன்றாகப் போகிறதே!”

“ஜோராப் போகுது ஐயா. ஒரு வாய் சாப்ட்டுப் போங்க.”

இரண்டு தடவை குழம்பு வாங்கிக்கொண்டார். சாப்பாட்டுக்கு நடுவிலேயே பிளானைக் கேட்டு வாங்கி, என் அழகான வரியைப் பேனாவால் அடித்தார். கூடவே ஒரு சொட்டுக் குழம்பும் விழுந்தது. கான்ட்ராக்டரிடம் அதைக் ‘காவி பூச வேண்டிய இடம்’ என்று சொல்லித் தப்பித்தேன்.

மூன்று வருஷத்தில் போதகர் மாற்றலாகிப் போனார். அடுத்து வந்தவர்கள் மண்ணெண்ணெய் ஸ்டவ் வாங்கி, கணப்புக்குள் ரேடியோவை வைத்தார்கள். அறுபதுகளின் முடிவில் பங்களாவையே இடித்தார்கள். வேடிக்கை பார்க்கப் போயிருந்தேன். புகைபோக்கி சாய்ந்தபோது கொட்டிய கரியில் ஆட்கள் அடையாளம் தெரியாமல் போனார்கள். அவ்வளவும் அந்த அம்மா சேர்த்தது. வெள்ளைக்காரர் பங்கு அதில் ஒரு பிடிகூடக் கிடையாது.