வாளியக்கா குடிக்காத தண்ணீர்

அந்த அடுக்குமாடிக் கட்டடத்தில் அவளை எல்லோரும் வாளியக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். மூன்றாம் மாடியில் குடியிருந்தாள். தையல் பட்டறையில் காஜா எடுக்கும் வேலை. சட்டையில் பட்டன் நுழைகிற துளையை மெஷினில் வைத்துத் தைப்பதற்குப் பெயர்தான் காஜா. பகலெல்லாம் துளை போட்டுச் சம்பாதிக்கிறவள், வீட்டில் ஒரு துளை வழியாகவும் ஒரு சொட்டுத் தண்ணீரை வெளியே விடமாட்டாள் என்று சொல்லிச் சிரிக்காதவர்கள் அந்தக் கட்டடத்தில் இல்லை. இப்போது யாரும் சிரிப்பதில்லை. அவளுடைய சிறுநீரகம் இரண்டும் கெட்டுப்போய்விட்டன. வாரத்துக்கு மூன்று நாள் ஆஸ்பத்திரியில் மெஷினோடு படுத்து ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டால்தான் உயிர் தங்கும். அவளோ, ‘இனிமேல் நான் வரமாட்டேன்’ என்று ஒற்றைக்காலில் நின்றாள்.

அவள் வீட்டில் தண்ணீர் ஒரே ஒரு வேலை பார்த்துவிட்டுச் சும்மா போய்விட முடியாது. அரிசி கழுவிய தண்ணீர் பால்கனிச் செடிகளுக்கு. காய்கறியை ஓடுகிற குழாயில் காட்டக் கூடாது, சட்டியில் போட்டுத்தான் அலச வேண்டும். அலசிய தண்ணீர் தரை துடைக்க. துணி அலசிய கடைசித் தண்ணீர் வாளியோடு கழிப்பறைக்குப் போகும். பல் தேய்க்க ஒரு குவளை, முகம் கழுவ இன்னொரு குவளை, அதற்குமேல் கேட்டால் ஒரு முறைப்பு. ஃப்ளஷ் தொட்டிக்குள் மணல் அடைத்த பாட்டில் ஒன்றைப் படுக்க வைத்திருந்தாள், ஒவ்வொரு தடவையும் அந்தப் பாட்டிலளவு தண்ணீர் மிச்சம். குழாய் ஒழுகினால் பிளம்பருக்காகக் காத்திருக்க மாட்டாள். பழைய ரப்பர் செருப்பில் வட்டமாக ஒரு வாஷர் வெட்டி அவளே மாட்டிவிடுவாள்.

அவளுடைய கணவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். ஷவரைத் திறந்துவிட்டு அதன் அடியில் நின்று பாட்டுப் பாடுவதுதான் அவருக்கு இருந்த ஒரே சொகுசு. கல்யாணமான மூன்றாம் மாதமே அவள் ஷவரைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் ஒரு மூடியைத் திருகிவிட்டாள். “தண்ணிய அடைச்சே, சரி. என் பாட்டையும் சேத்து அடைச்சிட்டியேடி” என்று அவர் பல வருஷம் மூக்கால் அழுதார். வேனைக் குழாய் பிடித்துக் கழுவுகிற வழக்கமும் போயிற்று. அரை வாளித் தண்ணீரும் இரண்டு ஈரத்துணியும்தான். வேன் அதில் பளபளவென்றுதான் இருந்தது என்பதை அவர் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை.

இதில் எதையும் குற்றம் சொல்ல முடியாது. அந்தக் கட்டடத்தில் காலையில் கொஞ்ச நேரம்தான் மோட்டார் ஓடும். மேல்தொட்டி காலியானால் அன்றைக்கு அவ்வளவுதான். கோடையில் மற்ற வீடுகளில் குழாய் வெறும் காற்றைத் துப்புகிறபோது, இவள் வீட்டில் இரண்டு அண்டா நிறைய இருக்கும். கேலி பேசிய வாய்களெல்லாம் குடத்தைத் தூக்கிக்கொண்டு படியேறி வரும். “வாளியக்கா, ஒரு குடம் மட்டும்” என்று இழுப்பார்கள். அவளும் ரெண்டு வார்த்தை பேசிவிட்டுத்தான் கொடுப்பாள், ஆனால் கொடுப்பாள்.

யாருக்கும் தெரியாமல் அவள் மிச்சம் பிடித்த தண்ணீர் வேறு. அவள் தண்ணீரே குடிப்பதில்லை.

கணக்கு எளிது. குடித்தால் போக வேண்டும், போனால் ஊற்ற வேண்டும். ஒரு தடவைக்கு அரை வாளி. பட்டறையிலும் அதே கதைதான். அத்தனை பெண்களுக்கும் கீழே ஒரே கழிப்பறை, அதற்குச் சாவி சூப்பர்வைசர் மேஜையில். போய் நின்று கேட்டால் கடிகாரத்தைப் பார்ப்பார். அவர் முகத்தைப் பார்ப்பதைவிட வாயைக் கட்டுவது சுலபமாக இருந்தது. காலையில் ஒரு டம்ளர் டீ, மத்தியானம் சாப்பாடு தொண்டையில் அடைத்தால் ஒரு வாய், வேலை முடிந்து வீட்டுக்கு வந்து ஒரு டம்ளர். இப்படியே வருஷக்கணக்காக ஓட்டினாள். அதில் அவளுக்குப் பெருமைகூட இருந்தது என்றால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது, ஆனால் இருந்தது. வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி என்று சொல்வார்களே, அதை ஒருத்தி இப்படி அட்சரசுத்தமாகச் செய்து காட்டுவாள் என்று யார் நினைத்தார்கள்?

ஒரே மகள். வீட்டில் பாப்பா. சின்ன வயதில் அவள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அம்மா அவளுடைய பாட்டிலைத் தூக்கிப் பார்ப்பாள். பாதிக்குமேல் மிச்சம் இருந்தால் முகம் மலர்ந்துவிடும். “என் பொண்ணு சமத்து” என்று கன்னத்தைக் கிள்ளிவிட்டு, மிச்சத் தண்ணீரைக் கொண்டுபோய்ச் செடிக்கு ஊற்றுவாள்.

முதலில் விலாவுக்குக் கீழே ஒரு வலி வந்தது. மருந்துக்கடையில் கேட்டு ஒரு மாத்திரை போட்டுக்கொண்டாள். வலி போயிற்று, திரும்ப வந்தது, திரும்ப மாத்திரை. நடுவில் குளிர் காய்ச்சல் வந்தது, நீர்க்கடுப்பு வந்தது. ‘சூடு, வேறொன்றுமில்லை’ என்று அவளே தீர்ப்புச் சொல்லிக்கொண்டாள். அந்த மாத்திரையை அவள் தண்ணீர்கூட இல்லாமல் எச்சிலோடு விழுங்குவாள். கால் வீங்கிச் செருப்பு நுழையாமல் போனபிறகுதான் கணவர் வேனை நிறுத்திவிட்டு, வலுக்கட்டாயமாக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்.

டாக்டர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுக் கேட்டார். “ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிப்பீங்கம்மா?”

அவள் வாயைத் திறக்குமுன் கணவர் முந்திக்கொண்டார். “இவ தண்ணி விஷயத்துல ரொம்பக் கறார் டாக்டர். ஒரு சொட்டு வீணாக்க மாட்டா.”

டாக்டர் அவரை ஒரு தடவை ஏறிட்டுப் பார்த்தார். பிறகு கல்லு, கிருமி, மாத்திரை, எல்லாம் சேர்ந்து சிறுநீரகத்தைக் கெடுத்துவிட்டது என்று மெதுவாகச் சொல்லத் தொடங்கினார். கணவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மனைவியைப் புகழ்ந்து தான் சொன்ன அந்த வாக்கியத்தை நினைத்து அவர் அதற்கப்புறம் எத்தனையோ தடவை கூசிப்போயிருக்கிறார்.

அதன்பிறகுதான் இன்னொரு கொடுமை. சிறுநீரகம் வேலை செய்யாத உடம்பில் குடிக்கிற தண்ணீர் உள்ளேயே தங்கிவிடும். அதனால் ஒரு நாளைக்கு ஒரு சின்ன பாட்டிலுக்குமேல் குடிக்கக் கூடாது என்றார்கள். குடிக்கலாம் என்று இருந்தபோது அவளுக்குத் தாகமே எடுத்ததில்லை. கூடாது என்றதும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. பக்கத்து வீட்டுக் குழாய்ச் சத்தம்கூட அவளை எழுப்பிவிட்டது. ஒரு ஐஸ்கட்டியை வாயில் ஒதுக்கிக்கொண்டு, அது கரைகிறவரைக்கும் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பாள்.

வீட்டில் மற்ற இரண்டு பேரும் அவள் கண்ணில் படும்படி தண்ணீர் குடிப்பதை நிறுத்தினார்கள். யாரும் கூடிப் பேசி முடிவெடுக்கவில்லை. கணவர் மாடிப்படிக்குப் போய்க் குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு வருவார். சாப்பிடும்போது மேஜையில் டம்ளர் கிடையாது. விக்கல் எடுத்தால் எழுந்து பால்கனிக்கு ஓடுவார். பாப்பா செல்போன் கடையில் கவுண்டரில் நிற்கிறவள். அவள் எங்கே போய்க் குடிக்கிறாள் என்று அம்மாவுக்குத் தெரியாது. பைக்குள் பாட்டில் இருந்தது, கடையிலேயே குடித்துவிட்டு வருகிறாள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். தனக்காக இப்படி ஒளிந்து குடிக்கிறார்களே என்று அவளுக்கு மனசு கனத்தது. தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

மெஷினிலும் அவளை நிம்மதியாக இருக்க விடாத ஒன்று இருந்தது. படுக்கைக்குப் பின்னால் ஒரு குழாய் சாக்கடைக்குள் நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தது.

“சிஸ்டர், அது என்ன தண்ணி?”

“உங்க மெஷினுக்குத்தாம்மா. சுத்தம் பண்ணிப் பண்ணி வெளிய போகுது.”

“எனக்கா? எவ்வளவு போகும்?”

“அதெல்லாம் நீங்க எதுக்கு யோசிக்கிறீங்க? உங்க வீட்டுக்கு ரெண்டு நாளைக்கு வரும்னு வெச்சுக்குங்களேன்.”

சிஸ்டர் சாதாரணமாகத்தான் சொன்னாள். வாளியக்காவுக்குத் தலையில் இடி விழுந்த மாதிரி இருந்தது. அடுத்த தடவை வரும்போது மடக்கிய பிளாஸ்டிக் வாளி ஒன்றைப் பையில் வைத்துக்கொண்டு வந்தாள். அந்தக் குழாயடியில் வைத்தால் தரை துடைக்கிறவர்களுக்காவது ஆகுமே என்று கேட்டாள். வார்டே சிரித்தது. சிஸ்டர் மட்டும் சிரிக்காமல், “அது உங்க ரத்தத்துலேர்ந்து வர்ற அழுக்கும்மா, கைல படக்கூடாது” என்று வாளியை வாங்கிக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டாள்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்தவள்தான். அடுத்த முறை நேரமாகியும் கட்டிலைவிட்டு இறங்கவில்லை.

“வரலைங்க. போதும்.”

“போதும்னா? என்னடி பேசறே?”

“ஒரு உசுருக்கு அவ்வளவு தண்ணியா? அதுவும் எதுக்கும் ஆகாம சாக்கடைக்கு. எனக்கு அதப் பாத்துக்கிட்டு படுத்திருக்க முடியலைங்க. வாழ்ந்ததெல்லாம் பொய்யான மாதிரி இருக்கு.”

“தண்ணிக்குக் கணக்குப் பாக்குற நேரமாடி இது?” என்று அவர் கத்தினார். பிறகு கெஞ்சினார். தலைகீழாக நின்று பார்த்தார். அவள் மசியவில்லை. ஊசி குத்திக் குத்திக் கை புண்ணாகியிருந்தது, எழுந்து நடக்கத் தெம்பில்லை, அதெல்லாமும் உண்டுதான். ஆனால் அவள் வாயிலிருந்து வந்தது தண்ணீர் மட்டும்தான். இரண்டு முறை போகவில்லை. முகம் ஊதிப்போய், படுத்தால் மூச்சு முட்டி, மூன்று தலையணையை முதுகுக்கு வைத்துச் சாய்ந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அப்படி உட்கார்ந்திருந்த ஒரு சாயங்காலம் பாப்பா வேலை முடிந்து உள்ளே வந்தாள். பையை நாற்காலியில் வைத்தவள், குனிந்த வாக்கிலேயே நின்றுவிட்டாள். ஒரு கை விலாவுக்குக் கீழே போயிற்று. முகம் வெளுத்து, உதட்டைக் கடித்துக்கொண்டாள். அம்மா தன்னைப் பார்க்கவில்லை என்று நினைத்து, பைக்குள் துழாவி ஒரு மாத்திரையை எடுத்தாள். வாயில் போட்டு, தலையைப் பின்னால் சாய்த்து, எச்சிலோடு விழுங்கினாள்.

அந்தக் கழுத்துச் சாய்வு வாளியக்காவுக்குத் தெரியும். அது அவளுடையது.

“பாப்பா, அந்தப் பாட்டிலைக் கொண்டா.”

“எதுக்கும்மா?”

“கொண்டான்னு சொல்றேன்ல.”

பாட்டில் கழுத்துவரை நிறைந்திருந்தது. காலையில் ரொப்பிய தண்ணீர் அப்படியே இருந்தது.

“கடைல வேற தண்ணி குடிச்சியா?”

பாப்பா இல்லையென்று தலையசைத்தாள்.

“நாங்கூட நீ எனக்குத் தெரியாம எங்கயோ குடிக்கிறேன்னு நெனச்சிட்டேனே! இல்லவே இல்லையா?”

“கடைல பாத்ரூம் இல்லம்மா. பக்கத்துக் கட்டடத்துல போய்ப் பல்லைக் காட்டிக்கிட்டு நிக்கணும். அதான் குடிக்கிறதில்ல. எனக்குத் தாகமே தெரியாது, பழகிடுச்சு.”

“எப்போலேர்ந்து?”

“ஸ்கூல்லேர்ந்தே அப்படித்தானே. நீதான் சமத்துன்னு சொல்லுவியே” என்றாள் பாப்பா. அவள் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. லேசாகச் சிரித்துக்கொண்டுகூடச் சொன்னாள்.

வாளியக்கா பெருங்குரலெடுத்து அழுதாள். தன் நோய்க்காக ஒரு நாளும் அழாதவள், மூச்சு வாங்க வாங்க, தலையணையைக் கையால் அடித்து அடித்து அழுதாள். சமையலறையிலிருந்து கணவர் ஓடிவந்தார். இவளுக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று தோளைப் பிடித்தார். அவள் அவர் கையைத் தட்டிவிட்டாள்.

“என்னைப் பாக்காதீங்க, அவளைப் பாருங்க. எம் புத்தியில இடி விழ! என் பொண்ணுக்கு நானே சொல்லிக் குடுத்திருக்கேன்.”

கொஞ்சம் மூச்சு வந்ததும் பாட்டிலை மகளிடம் நீட்டினாள். “குடி.”

பாப்பா அதை வாங்கிக்கொண்டு, அம்மா கண்ணில் படாமல் குடிக்கப் பால்கனிப் பக்கம் திரும்பினாள்.

“எங்கே போறே? இங்க நின்னு குடி. என் முன்னாடி.”

“உன் முன்னாடி எப்படிம்மா?” பாப்பாவின் குரல் உடைந்தது. “நீயே ஒரு ஐஸ்கட்டியை வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கே. எனக்கு உள்ள எறங்காதும்மா.”

“எறங்கும். குடி.”

“அப்போ நீ நாளைக்குக் கெளம்பி வரியா? நீ பாட்டுக்கு வரமாட்டேன்னு படுத்துக்குவே, நான் மட்டும் குடிக்கணுமா?”

வாளியக்கா மகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளுத்த முகம், விலாவை விடாத கை. ஆஸ்பத்திரிக் கட்டிலும் அந்தக் குழாயும் நினைவுக்கு வந்தன. அந்தக் கட்டிலில் தனக்குப் பதிலாக இவள் படுத்திருப்பது போல ஒரு கணம் தோன்றியது.

“வரேன்” என்றாள். “எவ்வளவு தண்ணி வேணா போகட்டும், வரேன். உன்னையும் அந்த டாக்டர்கிட்ட காட்டணும். நீ தெனமும் என் எதிர்ல குடிக்கிறதப் பாக்க நான் இருக்கணும்ல.”

பாப்பா பாட்டிலைத் திறந்தாள். கண்ணீர் ஒரு பக்கம் வழிய, முதல் வாய் புரையேறியது. கணவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இரண்டாவது வாய் இறங்கியது, மூன்றாவதும் இறங்கியது. எதிரில் வாளியக்கா வறண்ட உதட்டைப் பிரித்தபடி மகளின் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மகள் விழுங்கின ஒவ்வொரு வாய்க்கும் அவளுடைய தொண்டையும் ஏறி இறங்கியது.

பாட்டில் காலியானது.

“ஏங்க,” என்றாள் கணவரைப் பார்த்து, “இன்னொண்ணு ரொப்பிக் குடுங்க.”