கிணற்றில் விழுந்த குடம்

யுத்தம் முடிந்த மறு வருஷம் செந்துறைப் பக்கத்திலிருந்து அரியலூருக்கு ஒரே மாட்டு வண்டியில் பதினொரு பேர் போனோம். ஆறு பேருக்கு மேல் ஏறக்கூடாத வண்டி. பெண்கள் ஒன்பது, நான், வண்டிக்காரர். பஞ்சத்தில் சனங்களுக்கு எப்படி உதவினார்கள் என்று அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் பொருட்காட்சி வைத்திருந்தார்கள்.

சித்தி வண்டியின் முன்பக்கம் உட்கார்ந்தாள். பக்கத்து வீட்டு அத்தை பின்பக்கம். இருவருக்கும் பேச்சு நின்று இரண்டு வருஷம். காரணம் ஒரு பித்தளைக் குடம். அத்தையிடம் இரவல் வாங்கிய கயிறு இற்றுப்போய்க் குடம் கிணற்றில் விழுந்துவிட்டது என்று சித்தி வீட்டில் சொல்லியிருந்தாள். சித்தப்பா ஏழு தடவை பாதாளக்கரண்டி போட்டுத் துழாவினார். ஒரு வாளியும் இரண்டு செம்பும் வந்தன. குடம் வரவில்லை.

பொருட்காட்சியில் கம்பளிகள், பதினாறு பால் பவுடர் டப்பாக்கள், கஞ்சி காய்ச்சிய அண்டா எல்லாம் இருந்தன. கடைசி மேசையில் ஆறு பாத்திரங்கள். ‘கஞ்சித் தொட்டியில் மக்கள் விட்டுச் சென்றவை’ என்று எழுதியிருந்தது. ஐந்தாவது எங்கள் குடம். சித்தப்பாவின் பெயரெழுத்து மூன்று, கழுத்தில் நசுங்கல் இரண்டு. சரிபார்த்த பிறகுதான் கத்தினேன்.

“சித்தி! நம்ம குடம் இங்க இருக்கு! கெணத்துல இல்ல!”

சித்தியின் முகம் வெளுத்துவிட்டது. மேசையருகே நின்ற தொண்டர், “உங்களுதுன்னா எடுத்துட்டுப் போங்கம்மா” என்றார். எல்லோரும் அத்தையைப் பார்த்தார்கள். இத்துப்போன கயிறு கொடுத்தவள் என்று இரண்டு வருஷம் பேச்சு வாங்கியவள் அவள்தானே.

அத்தை வந்து என் காதைத் திருகினாள். இன்றும் நினைத்தால் எரிகிறது.

“எங்க கயிறு இத்துப்போயிதானடா வுழுந்துச்சு? நான் கண்ணால பாத்தேன். கெணத்துல கெடக்குறது இங்க எப்படிடா வரும், பெரிய கணக்குப்புள்ள?”

எழுத்தைக் காட்டினேன், நசுங்கலைக் காட்டினேன். யாரும் கேட்கவில்லை. நல்ல குடத்தை விட்டுவிட்டுக் கிளம்பினோம்.

திரும்பும்போது சித்தி பின்பக்கம் போய் அத்தையை ஒட்டி உட்கார்ந்துகொண்டாள். “சுண்ணாம்பு இருந்தா குடுங்கக்கா” என்றாள். ஒரு பொய்க்காரியோடு என்ன சிநேகம் என்று வழியெல்லாம் எனக்கு ஆத்திரம்.

தெரிந்த முகம் ஒன்றைக் கண்டு வெட்கப்பட்டுத்தான் சித்தி அன்று கஞ்சி வரிசையில் குடத்தைப் போட்டுவிட்டு ஓடியிருக்க வேண்டும். அந்தத் தெரிந்த முகமும் கையில் ஒரு பாத்திரத்தோடுதான் நின்றிருக்கும் என்பது, எல்லாவற்றையும் எண்ணிய எனக்கு உறைக்கவில்லை.