கடைசியாக வந்தது நேற்று

அண்ணை இறந்து இரண்டு மாதமான பிறகும் மதியந்தோறும் சேர்வருக்குள் வந்துகொண்டிருந்தார்.

அண்ணை என் உடன்பிறப்பல்ல. யாழ்ப்பாண நகரத்தில் நான் வேலை செய்யும் கணினி நிறுவனத்தில் சேர்வர்களை, எல்லோரும் தங்கள் பெயரில் நுழைந்து வேலை செய்யும் பொதுக் கணினிகளை, பராமரித்தவர். நித்திரையில் இதயம் நின்றுபோனது. அவருடைய பொறுப்பும் கதிரையும் எனக்கு வந்தன. அம்மா குருநகரில் மீன் விற்பவர். எங்கள் பரம்பரையில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அந்தக் கதிரையில் முதுகை நிமிர்த்தித்தான் இருந்தேன். அது அவருடைய உயரத்துக்கு வைத்தபடியே இருந்தது. என் கால் நிலத்தில் முட்டவில்லை. கதிரையை இறக்கவும் கை போகவில்லை.

வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவர் தணிக்கைக்கு ஆள் அனுப்புவதாக அறிவித்திருந்தார். விலகியவர்கள், இறந்தவர்கள் பெயரில் ஒரு கணக்கும் திறந்திருக்கக்கூடாது. திறந்திருந்தால் ஒப்பந்தம் போய்விடும், எங்கள் பிரிவையும் மூட வேண்டிவரும் என்றார் முகாமையாளர். அதற்காகத்தான் நுழைவுப் பதிவை வாசிக்கத் தொடங்கினேன். இடையில் ஒரு சில நாட்களைத் தவிர அண்ணையின் பெயர் ஒவ்வொரு நாளும் இருந்தது. எல்லாம் மதியத்தில். ஒரு கட்டளைகூட இல்லை. வந்து, சற்று இருந்து, போயிருந்தார்.

பக்கத்து மேசைக்காரி எட்டிப் பார்த்தாள். "வேலை சரியா நடக்குதோ எண்டு பாக்க வாறார் போல. கதிரையை விட்டுக் குடடி."

சிரித்தேன். ஆனால் அன்று முழுவதும் முதுகுப் பக்கம் யாரோ நிற்பது போலவே இருந்தது. வீட்டில் சொன்னபோது, மீனுக்குச் செதில் தட்டிக்கொண்டிருந்த அம்மா நிமிரவேயில்லை.

"செத்தவர் வாறாரெண்டால் கோவிலிலை ஒரு பூசை ஒப்புக்குடு. கொம்பியூட்டரோடை மினைக்கெடாதை."

"அது பேயில்லையம்மா. ஆரோ அவரின்ரை சாவியாலை திறக்கினம்."

"அப்ப அதுதான் பேயைவிடப் பயம்."

எங்கள் சேர்வர்கள் ஓடும் லினக்ஸில் ஒருவர் உள்ளே வந்ததும் அவருடைய கட்டளைகளை வாங்குவதற்கு ஒரு நிரல் எழும்பும். அதற்கு ஷெல் என்று பெயர். அந்தச் சொல்லை நான் வீட்டில் சொல்வதில்லை; சண்டைக் காலத்தில் ஷெல் விழுந்த நினைவில் அம்மா இன்னும் வானத்தைப் பார்ப்பார். ஒருவரை நிறுத்துவதற்கு வழமையான வழி, அவருடைய ஷெல்லை எடுத்துவிட்டு, "இந்தக் கணக்கு தற்போது இல்லை" என்று ஒரு வரி சொல்லித் திருப்பி அனுப்பும் இன்னொரு நிரலை அந்த இடத்தில் வைப்பது. அண்ணைக்கும் அதை வைத்தேன்.

மறுநாள் மதியம் அவருடைய பெயர் மறுபடியும் வந்தது. இருந்த நேரம் பூச்சியம். அவருடைய கணினியில் கடவுச்சொல்லுக்குப் பதிலாக இருக்கும் மின்சாவி சரியாக இருந்ததால் சேர்வர் அவரை அடையாளம் கண்டு, வரவைப் பதிந்து, அதன் பிறகே அந்த வரியைச் சொல்லி வெளியே விட்டிருக்கிறது. சிறிது நேரத்தில் இன்னொரு தடவை. பிறகு இன்னொரு தடவை. உள்ளே விடாத வீட்டின் படலையை ஒருவர் தட்டிக்கொண்டு நிற்பதை நான் திரையில் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தொடர்பு வந்த முகவரி எங்களுக்குத் தெரிந்ததுதான். அண்ணை வீட்டிலிருந்து வேலை செய்த நாட்களில் பயன்படுத்திய இணைப்பு. சனிக்கிழமை அச்சுவேலிக்கு பஸ் ஏறினேன்.

அண்ணையின் மனைவி கதவைத் திறந்தார். நான் ஏன் வந்தேன் என்பதைச் சொல்லி முடிப்பதற்குள் அண்ணையின் மடிக்கணினியைச் சாப்பாட்டு மேசையில் வைத்துத் திறந்தார். கறுப்புச் சாளரம் தானாக எழும்பி, தானாகச் சேர்வரோடு இணைந்தது. அண்ணை அப்படி அமைத்து வைத்திருந்தார். முதல் வரியில் அண்ணையின் பெயரில் கடைசியாக உள்ளே வந்த திகதி. நேற்றைய திகதி. அதன் கீழே நான் வைத்த வரி.

"உந்த ரெண்டாவது வரி இந்தக் கிழமைதான் வருது. உன்ரை வேலையோ, தங்கச்சி?"

"ஓமக்கா."

"நினைச்சன். சமைச்சு முடிச்சிட்டு ஒருக்கா திறப்பன். கடைசியா வந்தது நேற்று எண்டு இருக்கும். மூடிப்போடுவன். அவ்வளவுதான்." திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஒருக்கா காய்ச்சலிலை கிடந்திட்டன். எழும்பித் திறந்தால், கடைசியா வந்து நாலு நாள். செத்தவீட்டிலைகூட நான் அப்பிடி அழேல்லை."

பையிலிருந்து என் கணினியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

"எனக்கு விசரெண்டு நினையாதை. திறக்கிறது நான்தானெண்டு எனக்குத் தெரியாதே?"

தணிக்கையைப் பற்றிச் சொன்னேன். பத்துப் பேருடைய வேலை என்று சொன்னேன். சேர்வரில் ஒரு சிறு கோப்பு இருக்கிறது. செல்லுபடியாகும் ஷெல்கள் எவை என்பது மட்டும் அதில் இருக்கும். அந்தக் கோப்பில் இல்லாத ஷெல் உள்ள ஆளை வாசலிலேயே மறுக்கும்படி செய்யலாம். வரவு பதியாது.

"பிறகு திகதி வராதோ?"

"வராதக்கா. தொடர்பு துண்டிக்கப்பட்டதெண்டு மட்டும்தான் வரும்."

"அப்ப அவர் கடைசியா வந்தது இண்டைக்கு." கதிரையை இழுத்து மேசையடியில் இருந்தார். "ஒபிசுக்குப் போய்ச் செய்யாதை. இங்கை, என்ரை கண்ணுக்கு முன்னாலை செய்."

என் கணினியை அவருடையதற்குப் பக்கத்தில் வைத்தேன். மற்றவர்கள் எல்லோருடைய ஷெல்லும் அந்தக் கோப்பில் இருக்கிறதா என்று முதலில் பார்த்தேன். ஒன்று விடுபட்டாலும் அவரும் வெளியே நிற்பார். அண்ணைக்கு நான் வைத்தது அதில் இல்லை. பிறகு வாசல் விதியில் ஒரு வரி சேர்த்தேன். தெரிந்த வேலைதான். விரல் இரண்டு தரம் பிழைத்தது.

அக்கா மடிக்கணினியை மூடித் திறந்தார். சாளரம் எழும்பியது. தொடர்பு துண்டிக்கப்பட்டது. வேறு ஒன்றும் வரவில்லை.

"சாத்தினது நீதானே?"

"ஓமக்கா. நான்தான்."

"சரி. ஆரெண்டு தெரிஞ்சால் போதும். சண்டை நேரம் என்ரை தமையனைக் கூட்டிக்கொண்டு போனது ஆரெண்டு இண்டுவரைக்கும் ஒருத்தரும் சொல்லேல்லை." எழுந்து அடுப்படிக்குப் போனார். "தேத்தண்ணி குடிச்சிட்டுப் போ."

தணிக்கைக்கு வந்தவர் என் கதிரைக்கு அருகில் அமர்ந்து பதிவுகளைப் பார்த்தார். நுழைவுகளில் அண்ணையின் பெயர் அந்தச் சனிக்கிழமையோடு நின்றிருந்தது. மறுக்கப்பட்டவற்றில் அது இருந்தது. ஞாயிறு மதியம், திங்கள் மதியம், அதற்கடுத்த மதியம், தணிக்கையாளர் வந்திருந்த அன்று மதியமும்.

யாரோ விடாமல் முயல்கிறார்கள் என்றார் அவர். பூட்டு நன்றாக வேலை செய்கிறது என்று எழுதிக்கொண்டார்.

"ஓம் சேர்" என்றேன்.