பட்டியலில் இல்லாத நாட்டின் செயலாளர்

"கிளட்ச்ச மெதுவா விடுங்க... விடவே வேணாம்னு சொல்லல, மெதுவா விடுங்கன்னேன்" என்று பக்கத்து இருக்கையிலிருந்து அதட்டிக்கொண்டே, மடியிலிருக்கும் கடிதத்தில் ஒரு வரியை அடித்துவிட்டு வேறு வரி எழுதுகிறார் அவர். கார் குலுங்கி நிற்கிறது. ஓட்டப் பழகும் பெண்மணி மன்னிப்புக் கேட்கிறார். "நீங்க என்னம்மா பண்ணுவீங்க, உலகத்துல எதுதான் சட்டுனு கிளம்புது?"

ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி அவருக்குச் சோறு போடுகிறது. பளுதூக்கும் சங்கத்தின் செயலாளர் பதவி அவர் நிம்மதியைத் தின்கிறது. இரண்டுக்கும் ஒரே அறைதான். சுவரில் சாலைக் குறியீடுகள், அவற்றுக்குக் கீழே இரும்பு எடைத் தட்டுகள். 'ஒலி எழுப்பாதீர்' என்ற பலகைக்கு நேர் கீழேதான் அவர் அதிகம் கத்துவார்.

அவருடைய நாட்டை நாடு என்பவர்கள் உண்டு. பக்கத்து நாட்டின் மாகாணம் என்பவர்களும் உண்டு. வரி வசூலிக்கவும் லைசென்ஸ் கொடுக்கவும் அங்கே அரசாங்கம் இருக்கிறது. சர்வதேசப் பளுதூக்கும் கூட்டமைப்பின் விண்ணப்பத்தில், நாடுகளின் பட்டியலில் மட்டும் அது இல்லை. 'மற்றவை' என்று தட்டினால், 'சரியான நாட்டைத் தேர்ந்தெடுக்கவும்' எனச் சிவப்பெழுத்து வரும். "பன்னிரண்டு வருஷமா நானும் அதத்தான்யா கேக்குறேன்!" என்று திரையோடு மல்லுக்கு நிற்பார்.

முதலில், ஐந்து உறுப்பு நாடுகளின் ஆதரவுக் கடிதம் வேண்டும் என்றார்கள். வாங்க மூன்று வருடம் ஆனது. வாங்கியதும் விதி மாறியது: உலக விளையாட்டு மன்றத்தின் அங்கீகாரம் வேண்டுமாம். "சரின்னு அங்க போனா, முதல்ல ஏதாவது ஒரு கூட்டமைப்புல சேந்துட்டு வாங்கங்கிறான். லைசென்ஸ் இருந்தாத்தான் வண்டி ஓட்டக் கத்துத் தருவேன்னு நான் போர்டு மாட்டினா எவனாவது படியேறுவானா?" அவருடைய சங்கக் கடிதங்களைத் தட்டச்சு செய்து தரும் எனக்கே தலை சுற்றியது.

இதற்கு நடுவில், இதே சிக்கலில் இருந்த இன்னொரு பகுதியை ஒரே கூட்டத்தில் சேர்த்துக்கொண்டார்கள். அதற்குப் பெரிய இடத்து நட்பு இருந்தது. "அவங்க உள்ள போனதுல எனக்கு வயித்தெரிச்சல் இல்ல. அதே அளவுகோல என் பக்கமும் ஒருதடவ வைங்கன்னுதான் கேக்குறேன்."

கூட்டமைப்பின் போன வருடப் பொதுக்குழுவில், காணொளி வழியாகப் பேச மூன்று நிமிடம் கிடைத்தது. இரண்டு நிமிடம் 'உங்கள் குரல் கேட்கவில்லை' என்பதிலேயே போயிற்று. அடுத்துப் பேசிய பக்கத்து நாட்டுப் பிரதிநிதி சிரித்தபடி, "அவர்கள் எங்கள் பிள்ளைகள்தான், எங்கள் அணியிலேயே வரட்டுமே" என்றார். விஷயம் ஒத்திவைக்கப்பட்டது. செயலாளர் கோட்டைக் கழற்றி நாற்காலியில் வீசினார். "பெத்தவன் நான் இங்க குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கேன், அவன் பேர் வைக்கிறான் பாருங்க!"

கடைசியில் ஒரு சலுகை வந்தது. சர்வதேசப் போட்டிக்கு ஒரே ஒரு வீராங்கனை போகலாம். நாட்டின் பெயரில்லாத வெள்ளைச் சட்டை, கொடி கிடையாது. 'நான் எந்த நிலப்பகுதியின் சார்பாகவும் வரவில்லை' என்று அவள் எழுதித் தர வேண்டும். செயலாளரும் கையெழுத்திட வேண்டும். பயிற்சியாளருக்கு அனுமதி இல்லை.

நான்கு நாள் அந்தத் தாளைத் தொடவில்லை அவர். ஐந்தாம் நாள், ஆஸ்பத்திரி வேலை முடிந்து, நர்ஸ் உடுப்போடேயே வந்து நின்றாள் அந்த வீராங்கனை.

"அண்ணே, எனக்கு இருபத்தெட்டு ஆகுது. நீங்க சண்டை போட்டு ஜெயிக்கிற வரைக்கும் என் முட்டி தாங்காது."

"இதுல கையெழுத்துப் போட்டா, நாம இல்லன்னு நாமளே ஒத்துக்கிட்ட மாதிரிம்மா."

"போடலன்னா மட்டும் இருக்கோமாண்ணே? தூக்கிக் காட்டுறேன். எங்கேந்து வந்தேன்னு கேக்குறவன் கேக்கட்டும்."

அவர் பேனாவை எடுத்து, தாள் கிழிந்துவிடும்போல அழுத்திக் கையெழுத்திட்டார்.

போட்டியன்று மத்தியானம் பள்ளிக்கு விடுமுறை விட்டுவிட்டு, அவரும் மனைவியும் நானும் கணினி முன் உட்கார்ந்தோம். எதிராளிகளின் பெயரோடு நாட்டின் பெயரையும் வாசித்த அறிவிப்பாளர், இவளுக்குப் பெயரோடு நிறுத்திக்கொண்டார். "தொண்டைய அடைச்சிருச்சா அவனுக்கு?" என்றார் செயலாளர். கடைசித் தூக்கல், நூற்றுப் பதினெட்டு கிலோ. மேலே போன கைகள் நடுங்கின, மடங்கவில்லை. மூன்றாம் இடம்! மனைவி அவர் தோளைப் பிடித்து உலுக்கினார்.

முதலிடம் பக்கத்து நாட்டுக்காரிக்கு. மேடையில் பதக்கம் கொடுத்தார்கள். இரண்டு கம்பங்களில் கொடி ஏறியது. மூன்றாவது கம்பம் வெறுமனே நின்றது. பக்கத்து நாட்டின் கீதம் தொடங்கியது.

"இதக் கேக்கவா பன்னிரண்டு வருஷம்! அணைச்சுத் தொலைங்க" என்றார் மனைவி.

திரையில் அவள் வெள்ளைச் சட்டையோடு, கழுத்தில் வெண்கலத்தோடு, கன்னம் நனைய நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தாள். செயலாளர் கையை நீட்டி ஒலியைச் சுத்தமாகக் குறைத்தார். பிறகு நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்து, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, சத்தமில்லாத அந்தத் திரைக்கு எதிரே விறைப்பாக நின்றார்.