மாப்பிள்ளைக் கத்தியின் அரை நூல்

எருமைக்கொம்பை உப்புத்தாளில் தேய்த்தால் மயிர் பொசுங்கிய வாடை வரும். என் பதின்மூன்றாம் வயதுக் கோடை விடுமுறை முழுக்க, எங்கள் ஊரான கணபதியில் வீட்டை ஒட்டியிருந்த பட்டறையில் அந்த வாடையும், கத்திகள் ஊறிக்கொண்டிருந்த மண்ணெண்ணெயின் வாடையும்தான் அடித்துக்கொண்டிருந்தன. சோற்றில்கூட அடிக்கிறது என்று அப்பா குறை சொல்வார். சொல்லிவிட்டு இரண்டாம் முறையும் போட்டுக்கொண்டு சாப்பிடுவார்.

அது தொண்ணூறுகளின் நடுப்பகுதி. எங்கள் தெருவில் வீட்டுக்கொரு லேத்து ஓடியது. அந்த லேத்துப் பட்டறைகளில் மழுங்கிப்போகும் "கட்டர்"களுக்குச் சாணை பிடித்துக் கொடுப்பது எங்கள் தொழில். அப்பா மொபெட்டில் சுற்றி வேலை வாங்கி வருவார், முடிந்ததைக் கொண்டுபோய்க் கொடுப்பார். மெஷினில் நிற்பது அம்மா. அவள் கைப்பட்ட கட்டர் இரண்டு நாள் கூடுதலாக உழைக்கும் என்று பட்டறைக்காரர்கள் சொல்வார்கள், ஆனால் அப்பாவிடம்தான் சொல்வார்கள், அவரும் தான் செய்ததுபோலவே கேட்டுக்கொண்டு வருவார்.

அன்னூரில் சலூன் வைத்திருந்த ஆறுமுகம் தன் கத்தரிக்கோல்களுக்குச் சாணை பிடிக்க அம்மாவிடம்தான் வருவார். அவர் ஊரில் பொடிசுகள்கூட அவரைப் பேர் சொல்லிக் கூப்பிடும். என் அம்மா "ஏனுங்ண்ணா" என்றுதான் பேச்சையே தொடங்குவாள். அந்தக் கோடையில் அவர் ஒரு தகரப் பெட்டியோடு பஸ்ஸில் வந்திறங்கினார். உள்ளே அவருடைய தாத்தாவும் அப்பாவும் சேர்த்த ஒன்பது மடக்குச் சவரக் கத்திகள். நோய்க்குப் பயந்து சலூன்களெல்லாம் ஆளுக்கொரு புது பிளேடு என்று மாறியபின் பெட்டி பரணுக்குப் போய்விட்டது. மேலே ஓடு ஒழுகிக் கத்திகளில் துருவேறியதை யாரும் கவனிக்கவில்லை.

எட்டுக் கத்திகள் வந்தால் வரட்டும், போனால் போகட்டும், ஒன்பதாவது மட்டும் எப்படியாவது வந்தாக வேண்டும் என்றார். அதற்கு அவர்கள் வீட்டில் "மாப்பிள்ளைக் கத்தி" என்று பேர். எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் மாப்பிள்ளைக்கு முகம் வழிப்பது ஒரு சீர்ச்சடங்கு. வழிக்கிறவரே பிறகு மேடையில் நின்று வாழ்த்தும் பாடுவார். அன்னூரில் ஒரு தோட்டத்து வீட்டில் தாத்தா, மகன் என்று இரண்டு தலைமுறை மாப்பிள்ளைகளுக்கு அந்தக் கத்தியால்தான் வழித்திருந்தது. வைகாசியில் பேரனுக்குக் கல்யாணம், அதே கத்திதான் வேண்டும் என்று அந்தத் தாத்தா சொல்லியனுப்பியிருந்தார். ஆறுமுகத்துக்கோ, அப்பா போய்ச் சேர்ந்தபின் தானே முன்னின்று செய்யப்போகிற முதல் சீர் அது.

அம்மா கத்திகளைப் பார்த்த விதத்தை இன்றைக்கும் சொல்லி மாளாது. ஒவ்வொன்றையும் விரித்து, காதருகில் பிடித்து, நகத்தால் ஒரு சுண்டு சுண்டுவாள். நல்ல எஃகு "ணிங்" என்று நீளமாகப் பாடும். உள்ளே கீறல் விழுந்தது "டொக்" என்று நின்றுவிடும். பிறகு கண்ணாடிப் பலகைமேல் படுக்க வைத்துக் கோணல் பார்த்து, வாயோரம் மை தடவிக் கல்லில் ஒரே ஒரு இழுப்பு இழுத்து, மை எங்கே அழிந்தது, எங்கே மிஞ்சியது என்று லென்ஸை வைத்துப் பார்ப்பாள். இரண்டுக்குக் கீறல். அவற்றை ஆறுமுகத்தின் அப்பா படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிடலாம், கன்னத்தில் வைக்க வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டாள். மற்றவற்றில் ஒன்றைக்கூட மெஷினுக்குக் காட்டவில்லை. மண்ணெண்ணெயில் ஊறவைப்பதும், துணியால் துடைப்பதும், ஈரத் தாளால் தேய்ப்பதும், கொம்புப் பிடிக்குப் புதுப் பித்தளை ஆணி அடிப்பதுமாக நாளுக்கு ஒரு கத்தியை எழுப்பினாள். மாப்பிள்ளைக் கத்தியைக் கடைசிக்கு வைத்திருந்தாள்.

அந்தக் கடைசிக்குள்தான் நான் புகுந்தேன். ஆணி வாங்க அம்மா காந்திபுரம் போயிருந்த ஒரு முற்பகல். பட்டறை மூலையில் மெருகு போடும் "பஃபிங்" சக்கரம் இருந்தது, பொங்கலுக்குப் பித்தளை விளக்குகளை அதில் பிடித்துப் பழகியவள் நான். கணபதியில் பிறந்த பிள்ளைக்கு உலகத்தில் எந்தச் சாமானையும் பார்த்தால் அதைச் சக்கரத்தில் பிடித்தால் எப்படி மினுங்கும் என்றுதான் தோன்றும். இத்தனை நாள் அம்மா தாளால் தேய்த்துக்கொண்டிருந்ததைப் பார்த்து எனக்குச் சிரிப்பே வந்திருந்தது. மாப்பிள்ளைக் கத்தியை எடுத்துச் சக்கரத்தில் பிடித்து, பத்து நிமிஷத்தில் முகம் பார்க்கலாம்போல ஆக்கிவிட்டேன். அதுமட்டுமா, வாயோரம் நெடுக மயில்கழுத்து நீலத்தில் ஒரு கோடு விழுந்திருந்தது. அது எனக்கென்றே கிடைத்த பரிசு என்று நினைத்து, வெள்ளைத் துணி விரித்து அதன்மேல் கத்தியை வைத்துக் காத்திருந்தேன்.

அம்மா வந்தாள், பார்த்தாள், பையைக்கூட இறக்காமல் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

"டெம்பர் போயிருச்சு கண்ணு" என்றாள். அவ்வளவுதான். அந்த நீலம் எஃகு சூட்டில் செத்ததன் அடையாளம் என்பதையும், இனி அந்த வாய் தீட்டினால் கூர் வரும், ஆனால் நிற்காது, ஒரு கன்னத்தை வழிப்பதற்குள் மடங்கிவிடும் என்பதையும் அப்பாதான் எனக்குச் சொன்னார். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை. அம்மா என்னை அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

தீட்டிக் கொடுத்துவிடலாம், யாருக்குத் தெரியப்போகிறது என்று அப்பா மெல்ல ஒரு வழி சொல்லிப் பார்த்தார்.

"மொகத்துல வெக்கற கத்திங்க. அவருக்குத் தெரியாம எப்படிங்க குடுக்கறது?" என்றாள் அம்மா.

மறுநாள் காலை அன்னூர் பஸ்ஸில் என்னையும் ஏற்றினாள். நான்தான் சொல்ல வேண்டும் என்பது அவள் உத்தரவு. ஆறுமுகம் ஒருவருக்கு முடி வெட்டி முடித்து, துண்டை உதறி, கை கழுவிவிட்டு வந்து கேட்டார். நான் சொன்னதைக் கேட்டுக் கத்தியை வாங்கி, வாசல் வெளிச்சத்தில் நீலத்தை அப்படியும் இப்படியும் சாய்த்துப் பார்த்தார். அவர் முகம் கறுத்ததை நான் பார்த்தேன், இன்றைக்கும் அது என் கண்ணில் நிற்கிறது. பிறகு என்னைப் பார்த்து, "நல்லாப் பளபளன்னு வந்துச்சா கண்ணு?" என்று கேட்டார். அதுவரை அடக்கியிருந்த அழுகை அப்போதுதான் வந்தது.

"அம்மணி, எவ்வளவு போகும்?" என்று அம்மாவிடம் கேட்டார்.

"நீலம் போற வரைக்கும் தேய்க்கோணுங்ண்ணா. அகலத்துல அரை நூலு போயிரும். கையிலயேதான் செய்யோணும்."

"போனாப் போகுதுங்க. வாய் வந்தாப் போதும்."

நான்கு நாள் அம்மா வேறு வேலையே எடுக்கவில்லை. தண்ணீர்த் தட்டை மடியருகில் வைத்துக்கொண்டு, கல்லில் நாலு இழுப்பு, தண்ணீரில் ஒரு முக்கு என்று, விரலுக்குக்கூடச் சூடு தெரியாதபடி தேய்த்தாள். வாய் தேயத் தேய முதுகையும் அதற்கேற்பத் தேய்த்துக் கோணத்தைக் காப்பாற்றினாள். உள்ளங்கைத் தோல் உரிந்தபோது துணி சுற்றிக்கொண்டாள். என்னை அவள் ஒரு வார்த்தை திட்டவில்லை, கிட்டே வரவும் விடவில்லை. அத்தனை பொறுமையான ஒரு கோபத்தை அதற்குப்பின் நான் யாரிடமும் பார்த்ததில்லை.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால் ஆறுமுகம் தோல் வாரோடு வந்தார். கத்தியை வாரில் தீட்டினார், தலைமயிர் ஒன்றைப் பிடுங்கி வைத்துப் பார்த்தார், அது தானாக அறுந்து விழுந்தது. அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது, செத்த எஃகும் முதல் மயிரை அறுக்கும் என்று அங்கே இருந்த நான்கு பேருக்கும் தெரியும். ஒரு முகம் வேண்டும். அந்த முகம் மாப்பிள்ளையுடையதாக இருக்க முடியாது.

மூன்று நாள் தாடியோடு இருந்த அப்பா, தெரியாமல் கொடுத்துவிடலாம் என்று சொன்ன அதே அப்பா, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "எம்மொகத்துல போடுங்க. பட்டாலும் ஊட்டு விசயம் ஊட்டோட போகட்டும்" என்றார்.

சோப்பு நுரை போட்டபின் ஆறுமுகம் கத்தியை அப்பாவின் காதருகே நிறுத்தி, அம்மாவைப் பார்த்தார். "நம்பி வெக்கலாமுங்களா அம்மணி?"

அம்மா துணி சுற்றிய கையைப் புடவையில் துடைத்தாள். "வெய்யுங்ண்ணா" என்றாள்.

முதல் கன்னம் சுத்தமாக வந்தது. இரண்டாம் கன்னத்தில்தான் விஷயம். கத்தி இறங்கியது, அதே மெல்லிய சரசரப்பு, எங்கேயும் இழுக்கவில்லை, சிக்கவில்லை. தாடைக்குக் கீழே, தொண்டைக் குழியைச் சுற்றி வந்து, மேலுதட்டில் முடிந்தது. அப்பா கண்ணைத் திறந்து, "அவ்வளவுதானா?" என்றார். ஆறுமுகம் கத்தியைத் துடைத்து மடித்து இரண்டு கையாலும் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அம்மா உள்ளே போய் வெகுநேரம் முகம் கழுவிக்கொண்டிருந்தாள்.

எங்கள் தெருவில் இப்போது லேத்துச் சத்தம் இல்லை. பட்டறை இருந்த இடத்தில் மூன்று மாடி வீடு நிற்கிறது. மாப்பிள்ளைகள் கல்யாணத்துக்கு முதல்நாளே அழகு நிலையத்துக்குப் போய்விடுகிறார்கள். சீருக்குக் கன்னத்தருகே ஒரு கத்தியைக் காட்டிவிட்டு எடுத்துவிடுவதைச் சமீபத்தில் ஒரு கல்யாணத்தில் பார்த்தேன். அம்மாவும் இல்லை, ஆறுமுகமும் இல்லை.

போன வருஷம் அன்னூர்ப் பக்கம் போனபோது அவர் மகனின் சலூனில் நின்றேன். என்னை யாரென்று அவருக்குத் தெரியாது. கண்ணாடிப் பெட்டிக்குள் ஒன்பது கத்திகளும் வரிசையாக இருந்தன, ஒன்று மட்டும் மற்றவற்றைவிட அகலம் குறைவாக. அது ஏன் அப்படி என்று கேட்டேன்.

"அது மாப்பிள்ளைக் கத்திங்க. அத்தன மாப்பிள்ளைமாருக்கு வழிச்சு வழிச்சே தேஞ்சுபோச்சுன்னு அப்பா சொல்லுவாருங்க" என்றார், பெருமையாக.

அம்மாவாக இருந்தால் அங்கேயே உண்மையைச் சொல்லியிருப்பாள். நான் சொல்லவில்லை. ஒரு சிறுமிக்காகச் சொந்த மகனிடமே ஆறுமுகம் சாகும்வரை காத்த பொய் அது. அதைத் திருத்த எனக்கு உரிமையில்லை. "நல்ல கத்திங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.