அப்பன் போட்ட பதினைந்து

வெர்ன் ஒலினிக்கின் கண் பொய் சொல்லாது என்று எங்கள் பக்கத்தில் ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சுதான் கடைசியில் அவர் குடியைக் கெடுத்தது.

கனடாவில் எங்கள் சாஸ்கச்சவான் மாகாணத்தில் பனிமேல் ஹாக்கி ஆடாத பையனைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அத்தனை பேரிலும் எவன் தேறுவான், எவன் தேறமாட்டான் என்று பார்த்துச் சொல்வதுதான் வெர்னின் வேலை. நார்த்மென் என்கிற பெரிய அணிக்கு இருபத்திரண்டு வருஷமாக ஆள் பார்த்தவர். அக்டோபரில் வண்டியில் ஏறினால் ஏப்ரலில்தான் இறங்குவார். முந்நூறு கிலோமீட்டர் போய் ஓர் ஆட்டம் பார்த்துவிட்டு, குளிரில் எஞ்சின் உறைந்து போகாமல் வண்டியின் சூடேற்றிக்கு மின்கம்பியைச் செருகிவிட்டு, ஏதாவது ஒரு மட்டமான விடுதியில் படுத்து எழுந்து, அடுத்த ஊருக்குப் போவார். சூரியகாந்தி விதையைக் கொறித்தபடி மூலையில் தனியாக உட்கார்ந்திருப்பார். ஆட்டம் தொடங்குவதற்கு முன் பையன்கள் உடம்பைச் சூடுபடுத்த வட்டம் அடிப்பார்கள் இல்லையா, அப்போதே பாதி முடிவு எடுத்துவிடுவார். ரப்பர் வட்டு எங்கே போகிறது என்று பார்க்கவே மாட்டார். கணுக்காலைப் பார்ப்பார்.

முதல் இடைவேளையில் பையனின் அப்பா அம்மாவைத் தேடிப் போவார். அப்பன் எவ்வளவு உயரம், அம்மாவின் மணிக்கட்டு எவ்வளவு பருமன் என்று கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போனவர் மாதிரி கண்ணால் அளந்துவிட்டு, இந்தப் பையன் இன்னும் மூன்று அங்குலம் வளர்வான் என்று குறித்துக்கொள்வார். ஒரு தடவை ஆறடி நாலங்குல ஆசாமியைப் பார்த்து நம்பி, ஒரு பொடியனைப் பட்டியலில் மேலே தூக்கிப் போட்டார். அந்த ஆசாமி பையனின் அம்மாவுடைய இரண்டாவது புருஷன் என்பது பிற்பாடுதான் தெரிந்தது. பொடியன் பொடியனாகவே நின்றுவிட்டான். அணி அலுவலகத்தில் இதைச் சொல்லிச் சொல்லி ஐந்து வருஷம் சிரித்தார்கள். வெர்னும் சேர்ந்து சிரித்தார்.

ஆனால் தனக்குப் பட்டதை விட்டுக்கொடுக்க மாட்டார். ஐந்தடி ஏழங்குலம் உள்ள ஒரு பையனை எல்லோரும் தள்ளிவிடப் பார்த்தபோது எழுந்து நின்று மேசையை ஓங்கித் தட்டினாராம். காப்பிக் கோப்பை கவிழ்ந்து பட்டியலெல்லாம் நனைந்து போயிற்று. அந்தப் பையன் இன்றைக்கு அந்த அணியில் முதல் வரிசையில் ஆடுகிறான். அப்படி ஏழெட்டுப் பையன்களுக்காகச் சண்டை போட்டிருக்கிறார். அவர்கள் வீட்டிலிருந்து கிறிஸ்துமஸுக்கு இன்னமும் வாழ்த்து வருகிறது.

வெர்னின் சொந்தப் பையன் கார்சன். டிஃபென்ஸ் ஆட்டக்காரன். அம்மா லோரெய்ன் மாதிரி வாய் பேசாத பையன், ஆனால் எதிராளி வட்டோடு வருகிறான் என்றால் அவன் எந்தப் பக்கம் திரும்புவான் என்று முன்கூட்டியே தெரிந்து அங்கே போய் நிற்பான். பதினெட்டு வயதில் அவனை, அணிகள் முறைவைத்து இளம் ஆட்டக்காரர்களைப் பெயர் சொல்லி எடுக்கும் வருஷத் தேர்வில், நார்த்மென் அணியே ஆறாவது சுற்றில் எடுத்தது. பெயரைச் சொன்னது தலைமை ஆள்பார்ப்பவர் ஹால் ரெம்பெல். வெர்ன் அன்றைக்கு வாயையே திறக்கவில்லை. தன் பிள்ளைக்குத் தானே சிபாரிசு பண்ணினான் என்று ஒருத்தன் நாக்கில் வந்துவிடக் கூடாதே என்பதுதான் அவர் பயம்.

எடுத்துவிட்டால் மட்டும் போதாது. இரண்டு வருஷத்துக்குள் அணி பையனோடு ஒப்பந்தம் போட வேண்டும். இரண்டாவது வருஷம் ஜூன் ஒன்றாம் தேதி மாலை ஐந்து மணி தாண்டினால் அவன் யாருக்கும் சொந்தமில்லை. அதனால் மே மாதம் நடுவில் ஆள்பார்ப்பவர்கள் ஐந்து பேரும் கூடி, கைவசம் உள்ள இளம் ஆட்டக்காரர்களின் பெயர்ப்பட்டைகளைச் சுவர்ப்பலகையில் ஒன்றிலிருந்து இருபத்திரண்டு வரை வரிசைப்படுத்துவார்கள். முதல் பதினான்கு பேருக்கு ஒப்பந்தம். பதினான்குக்குக் கீழே சிவப்பு நாடா ஒட்டிவிடுவார்கள். அந்த வருஷம் கார்சனுக்கு இருபது வயது. வேறு படிப்பு இல்லை, வேறு கைத்தொழில் இல்லை. இந்த நாடாவுக்கு மேலே நின்றால் பிழைப்பு, கீழே போனால் ஒன்றுமில்லை.

கூட்டத்துக்கு முந்தின நாள் வெர்ன் விடுதி அறையில் உட்கார்ந்து தன் பட்டியலை எழுதினார். பத்துப் பேர் வரை பேனா நிற்காமல் ஓடியது. பதினொன்றில் நின்றது. அவர் கண் சொன்னது கார்சன் என்று. முந்தின பிப்ரவரியில் பிரின்ஸ் ஆல்பர்ட் ஊரில் பார்த்த ஆட்டத்தை நினைத்துப் பார்த்தார். வேறு எவன் பிள்ளையாக இருந்தாலும் கண்ணை மூடிக்கொண்டு பதினொன்று போட்டிருப்பார்.

ஆனால் பெற்றவன் கண்ணாயிற்றே. நாலு வயதில் சமையலறைத் தரையில் சறுக்கி விழுந்த பிள்ளையைப் பார்த்த கண் அல்லவா, அது எங்கேயாவது பாசத்தைச் சேர்த்துத்தான் பார்க்கும் என்று மனுஷருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. எவ்வளவு பாசம் சேர்ந்திருக்கும்? நாலு இடம் இருக்கும் என்று தானே ஒரு கணக்குப் போட்டார். அந்த நாலு இடத்தையும் கழித்து, பதினொன்றிலிருந்து கீழே இறக்கி, கார்சனைப் பதினைந்தில் எழுதினார். பதினைந்தாவது என்றால் நாடாவுக்குக் கீழே ஒரே ஒரு இடம், மற்றவர்கள் பேசித் தூக்கிவிடுவார்கள், அப்படித் தூக்கினால்தான் அது நியாயம் என்று சமாதானமும் சொல்லிக்கொண்டார். நியாயத்துக்கும் ஓர் அளவு வேண்டாமா? இருபத்திரண்டு வருஷத்தில் தன் கண்ணுக்குப் பட்டதை மாற்றி எழுதியது அந்த ஒரு தடவைதான்.

மறுநாள் கூட்டத்தில் எல்லாருடைய பட்டியலையும் ரெம்பெல் வாங்கிக்கொண்டார். கார்சனின் பெயர் வந்ததும், வெர்ன் கொஞ்சம் வெளியே இருக்கட்டுமா என்று மரியாதையாகக் கேட்டார். வெர்ன் எழுந்து போனார். நடைக்கூடத்தில் காப்பி இயந்திரத்துக்குப் பக்கத்தில் கால் மணி நேரம் நின்றார். திரும்பி வந்தபோது பலகையில் கார்சனின் பெயர்ப்பட்டை பதினெட்டாவது இடத்தில் இருந்தது. யாரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. வெர்ன் உட்கார்ந்து, அடுத்த பையனைப் பற்றித் தன் குறிப்பைப் படித்தார். அதற்குப் பிறகும் இரண்டு மணி நேரம் மற்ற பையன்களைப் பற்றி ஒழுங்காகப் பேசினார்.

கூட்டம் முடிந்து வண்டி நிறுத்துமிடத்தில் ரெம்பெல் அவர் தோளைப் பிடித்தார்.

"மனசுல வச்சுக்காத, வெர்ன். நாங்க நாலு பேரும் உன் பையன மிஞ்சிப்போனா மூணு ஆட்டம் பாத்திருப்போம். உன் பேப்பரத்தான் நம்பினோம்."

"நான் பதினஞ்சுன்னுதான எழுதினேன்?"

"அப்பன் எழுதின பதினஞ்சு. பெத்தவன் மூணு நாலு கூட்டித்தான் போடுவான், அது இயற்கை. நாங்க அதக் கழிச்சோம். நீ பதினொண்ணுன்னு போட்டிருந்தா பதினாலுல வச்சிருப்போம். நீயே பதினஞ்சுன்னா, பையன் நெசமாவே தேறமாட்டான்னு ஆயிருச்சு."

வெர்னுக்கு வண்டிச் சாவி கையில் இருப்பதே மறந்து போயிற்று.

"ஹால், நான் ஏற்கெனவே நாலு கழிச்சிட்டேன்."

ரெம்பெல் அவர் வண்டிக் கதவைத் திறந்துவிட்டார். கெட்ட மனுஷர் இல்லை. வீட்டுக்குப் போ, தூங்கு என்று மட்டும் சொன்னார்.

ஐந்து நாள் கழித்து வெர்ன் அவருக்குத் தொலைபேசியில் பேசினார். கார்சன் பதினொன்றாவது ஆள், என் கண்ணுக்கு அப்படித்தான் தெரிந்தது, பிப்ரவரி ஆட்டத்தைப் போட்டுப் பாருங்கள் என்றெல்லாம் சொன்னார். வாழ்க்கையில் முதல் தடவையாகக் கெஞ்சினார். ரெம்பெல் குறுக்கே பேசாமல் கேட்டுவிட்டுச் சொன்னார்: "வெர்ன், போன வாரம் பேசினது நான் நம்பற ஆளு. இன்னிக்குப் பேசறது ஒரு அப்பன்." அதற்கு மேல் இவர் எதைச் சொன்னாலும் அது அப்பன் சொன்னதாகத்தான் ஆகும்.

ஜூன் ஒன்றாம் தேதி மத்தியானத்திலிருந்தே கார்சன் சமையலறை மேசையில் செல்பேசியை வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்திருந்தான். லோரெய்ன் அவனுக்குப் பிடித்த பெரோகி என்கிற உருளைக்கிழங்குக் கொழுக்கட்டையை வெங்காயத்தோடு வதக்கி வைத்தாள். அவன் இரண்டை எடுத்துத் தட்டில் உருட்டிக்கொண்டிருந்தான். ஐந்து மணி அடித்தது. ஐந்தேகாலும் ஆயிற்று. அவன் செல்பேசியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மாடிக்குப் போய்விட்டான். லோரெய்ன் பாத்திரத்தைக் கழுவியபடியே, கூட்டத்தில் நீ என்ன சொன்னாய் என்று புருஷனைக் கேட்டாள். அவன் பெயர் வந்தபோது என்னை வெளியே அனுப்பிவிட்டார்கள் என்றார் வெர்ன். அது பொய் இல்லைதான். ஆனால் பட்டியலைப் பற்றி அவர் மூச்சு விடவில்லை.

போனால் போகிறது, வேறு அணி இல்லையா என்று எல்லோரும் ஆறுதல் சொன்னார்கள். முப்பதுக்கு மேல் அணி இருக்கிறது, உண்மைதான். ஆனால் ஆள் பார்க்கிறவர்கள் எல்லாம் ஒரே பனித்திடலில் உட்கார்ந்து, ஒரே காப்பியைக் குடித்து, ஒரே வம்பைப் பேசுகிறவர்கள். அவனுடைய அப்பனே பதினைந்தாவது என்று போட்டானாம் என்கிற சொல், பசிபிக் கரையிலிருந்து அட்லாண்டிக் கரை வரை ஒரு மாதத்தில் போய்ச் சேர்ந்துவிட்டது. வெர்னைத் தெரியாதவன் எவன்? அவர் கண் பொய் சொல்லாதே! ஜூலையில் ஓர் அணி கார்சனை ஒரு வாரப் பயிற்சிக்குக் கூப்பிட்டது. நாலாம் நாளே, நன்றி தம்பி, போய் வா என்றது.

அவன் வீடு திரும்பிய மத்தியானம் வெர்ன் வண்டிக் கொட்டகையில் புல்வெட்டியைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். கார்சன் ஸ்கேட்டும் மட்டையும் இருந்த பெரிய பையைக் கீழே வைத்தான்.

"அங்க ஒருத்தர் சொன்னாரு. நீ என்னப் பதினஞ்சாவதா எழுதினியாமே. நெசமாப்பா?"

ஆமாம் என்றார் வெர்ன். தலை நிமிரவில்லை.

"சரி. நான் அவ்வளவுதான்னா அவ்வளவுதான். அத உன் வாயால கேக்கத்தான் வந்தேன். எனக்கு எது கொறச்சல்? திரும்பறதா? வேகமா?"

அந்த இடத்தில் வெர்ன் ஏதாவது ஒரு குறையைச் சொல்லியிருந்தால் பையன் தாங்கியிருப்பான். இடப்பக்கம் திரும்பும்போது ஒரு நொடி தாமதிக்கிறாய் என்றால் போதும், அதை நம்பிக்கொண்டு எங்கேயாவது போய்ப் பிழைத்திருப்பான். ஆனால் மனுஷருக்குப் பொய் வராதே. விடுதி அறையில் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார். கண்ணுக்குப் பதினொன்று என்று பட்டதையும், பெற்றவன் கண் என்று பயந்து நாலு கழித்ததையும், அவர்கள் தங்கள் பங்குக்கு மறுபடி கழித்ததையும் சொன்னார். நடுவில் எண்ணெய்க் கையாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

கார்சன் கேட்டு முடித்துவிட்டுப் பையைக் காலால் சுவரோரம் தள்ளினான்.

"எவனெவன் பிள்ளைக்கோ எந்திரிச்சு நின்னு மேசையத் தட்டின ஆளுப்பா நீ."

"நீ என் பிள்ளடா. அதனாலதான்..."

"அந்த ரூம்ல இருந்த நாலு பேருக்கும் நான் ஒண்ணும் உறவில்ல. அவங்ககூட அப்பன்னா கூட்டித்தான் போடுவான்னு நெனச்சாங்க."

கார்சன் வீட்டுக்குள்ளே போய்விட்டான். அந்த வியாழக்கிழமையே பக்கத்து மாகாணமான ஆல்பர்ட்டாவில் எண்ணெய்க் கிணறு தோண்டும் கும்பல் ஒன்றோடு வேலைக்குக் கிளம்பினான். வாசலில் அம்மாவைக் கட்டிக்கொண்டான், அப்பாவிடம் கையைக் கொடுத்துவிட்டு வண்டியேறினான். ஸ்கேட்டுப் பையை எடுத்துக்கொள்ளவில்லை.